ராத்திரியில் படிக்க வேண்டாம்

மனக்காயம் பற்றிய புத்தகங்களை ராத்திரியில் படிக்காதீர்கள். பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள். எனக்கு எழுதும் வாசகிகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அடி விழும் வீட்டில் வளர்ந்தவள் நான். கேட்டின் தாழ்ப்பாள் சத்தத்தை வைத்தே அப்பா குடித்துவிட்டு வருகிறாரா என்று எனக்கும் தங்கைக்கும் தெரிந்துவிடும். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. இன்றும் பக்கத்து வீட்டுக் கேட் படாரென்று சாத்தினால் என் கையில் இருக்கும் டம்ளர் தளும்பும். பயந்த சுபாவம் என்று உறவில் சொன்னார்கள்; நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய 'ட்ராமா அண்ட் ரிகவரி' அந்த நம்பிக்கையை உடைத்தது. போரிலிருந்து திரும்பிய சிப்பாயும் வீட்டுக்குள்ளேயே அடிபட்ட பெண்ணும் படுவது ஒரே வகைத் துன்பம் என்கிறார் அவர். வியட்நாம் போர் வீரர்கள் விடாமல் குரல் கொடுத்ததால், 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அந்தத் துன்பம் ஏறியது. ஆனால் தப்ப வழியின்றி வருஷக்கணக்கில் கொடுமை அனுபவித்தவர்களுக்கு அந்த வரையறை போதாது, தனி வகை வேண்டும் என்று ஹெர்மன் வாதாடினார். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அந்தத் தனி வகை நடைமுறைக்கு வந்ததோ 2022-இல்தான். முப்பது வருஷம்! எத்தனை பேரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லியே ஒதுக்கியிருப்பார்கள்!

மனக்காயம் பற்றி எழுதிய இன்னொரு மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க் வேறொரு விஷயம் சொல்கிறார். பழைய கொடுமை மனசில் திரும்ப எழும் நேரத்தில், பேச்சுக்கு வேண்டிய ப்ரோக்கா என்ற மூளைப் பகுதியின் இயக்கம் குறைவதை ஸ்கேனில் பார்த்தாராம். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் வாயடைத்து நிற்கிறோமே, அது பிடிவாதமில்லை. அந்த இடத்தில் வேறொருவர் எழுதிய வரி கைகொடுக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொல்ல முடியாததை என் கணவருக்கு நான் அப்படித்தான் சொன்னேன். ஒரு பத்தியில் விரலை வைத்து, "இதைப் படிங்க" என்றேன். படித்துவிட்டு, "இப்படியா இருந்துச்சு?" என்றார். தலையாட்டினேன்.

ஆனால் இதே புத்தகங்களில் பிறர் பட்ட கொடுமைகளும் விவரமாக வருகின்றன. கதை போல இழுப்பதால் முதலில் அவற்றைத்தான் படிக்கிறோம், தூக்கம் போகிறது. ஹெர்மன் குணமாவதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் அனுசரிப்பது, அதன் பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்வது. படிப்புக்கும் இந்த வரிசை பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. பாதுகாப்பு பற்றிய அத்தியாயத்தில் தொடங்குங்கள். நெஞ்சு படபடத்தால் அந்த வரியிலேயே மூடிவையுங்கள், எழுந்து முகம் கழுவுங்கள். ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இந்தப் புத்தகங்களைத் தங்கைக்குப் போனில் படித்துக் காட்டத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, "அக்கா, அப்பா போதும். அம்மா பார்த்துக்கிட்டே நின்னாளே, அதைப் பத்தி எதுல இருக்கு?" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் நூல்களை அதன்பிறகுதான் தேடினேன். 1998-இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்', 2014-இல் 'ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்'. காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று விரிவாக எழுதுகிறார். அந்தப் போரையும் எங்கள் வீட்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும், அடுப்படி வாசலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்ற அம்மாவும் அடிபட்டவள்தான் என்பது அவரைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது. தங்கை இதை இன்னும் ஏற்கவில்லை. அது அவள் உரிமை, நான் வற்புறுத்துவதில்லை.

படிக்கும்போது தாங்க முடியாமல் போனால், தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.