கடலடிச் சேறு கூறும் சாட்சியம்

பனியுகத்தில் ஆழ்கடல் நீரோட்டம் அறவே நின்றுபோயிற்று என்றொரு கூற்று பொதுமக்களுக்கான நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் அவ்வப்போது காணப்படுகின்றது. அது சுருக்கமானது; மாணவர் மனத்தில் எளிதில் பதிவது. எனினும் கடலடியிலிருந்து எடுத்து ஆராயப்பெற்ற சான்றுகள் கூறுவது அதுவன்று. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் தன் உச்சத்தில் இருந்தபோதும் ஆழ்நீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அது ஓடிய மட்டமும் வழியுமே மாறியிருந்தன. இம்முடிவு எவ்வாறு பெறப்பட்டது என்பதை விளக்குவதும், அதனின்று ஆசிரியரும் களப்பணியாளரும் கொள்ளத்தக்க பாடம் யாது என்பதைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய ஓட்டம்

இக்காலத்தில் வட அட்லாண்டிக் மாகடலின் வடகோடியில் குளிர்ந்து அடர்த்தி மிகுந்த உப்புநீர் கீழே அமிழ்கின்றது. அவ்வாறு அமிழ்ந்த நீர் ஏறத்தாழ 1,500 மீட்டர் முதல் 4,000 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் தெற்கு நோக்கிச் செல்கின்றது. அண்டார்க்டிகாவை அடுத்த கடல்களில் உண்டாகும், அதனினும் அடர்ந்த நீர் அதன் அடியில் புகுந்து பரவுகின்றது. இவ்விரண்டும் கலந்து இந்துமாகடலுக்கும் பசிபிக் மாகடலுக்கும் செல்கின்றன. மேற்பரப்பை விட்டு நீங்கிய நீர் வட பசிபிக்கின் ஆழத்தை எய்துவதற்கு ஆயிரம் ஆண்டுகள் என்னும் அளவில் காலம் பிடிக்கின்றது.

இந்நீண்ட பயணத்தின்போது மேலிருந்து விழும் உயிர்ப்பொருள்கள் ஆழ்நீரில் அழுகுகின்றன. அதனால் நீரிலுள்ள ஆக்ஸிஜன் குறைகின்றது; பாஸ்பேட்டும் பிற ஊட்டப்பொருள்களும், கரைந்த கார்பனும் பெருகுகின்றன. ஆகவே நீரின் ரசாயன இயல்பை அறிந்தால், அது மேற்பரப்பை விட்டு நீங்கி எத்துணைக் காலமாயிற்று, எத்திசையினின்று வந்தது என்பவற்றை ஒருவாறு உய்த்துணரலாம். இன்றைய நீரைக் கலத்தில் முகந்து சோதிக்கலாம். பனியுகத்து நீரை முகப்பது எங்ஙனம்? அந்நீரில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளே அதன் இயல்பைத் தம்முள் பொதிந்து வைத்திருக்கின்றன.

ஓடுகளும் அவற்றின் சாட்சியமும்

போராமினிபெரா எனப்படுவன ஓரணு உயிர்கள். இவற்றுட் பல சுண்ணாம்பினால் ஓடு கட்டுகின்றன. ஓட்டின் அளவு பெரும்பாலும் மணல் துகளை ஒத்தது. ஒரு சாரார் கடலின் மேற்பகுதியில் மிதந்து வாழ்பவை. மற்றொரு சாரார் கடலடித் தரையிலேயே வாழ்பவை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி ஆராய்ந்த சேலஞ்சர் கப்பல் கொணர்ந்த ஓடுகளை விவரித்து பிராடி என்பவர் 1884-இல் வெளியிட்ட அறிக்கை இத்துறைக்கு அடிப்படையாயிற்று. திறந்த மாகடலில் வண்டல் ஆயிரம் ஆண்டுகளுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவே படிவதால், சில மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டல் உருளை பல பனியுகங்களின் வரலாற்றைத் தன்னுள் அடக்கியிருத்தல் கூடும்.

ஆயினும் இவ்வோடுகளைக் கேட்பது எளிதன்று. ஆக்ஸிஜன் ஐசோடோப்புகளின் வரலாறே இதற்குச் சான்று. ஓட்டில் சேரும் கன ஆக்ஸிஜனின் விகிதம் நீரின் வெப்பநிலையைப் பொறுத்து மாறும் என்பதை ஹெரால்டு யூரே 1947-இல் எடுத்துரைத்தார். இம்முறையைக் கையாண்ட சீசரே எமிலியானி, மிதக்கும் இனங்களின் ஓடுகளை ஆராய்ந்து, பனியுகங்களில் வெப்பக் கடல்களின் மேற்பரப்பு சுமார் 6 பாகை குளிர்ந்திருந்தது என்று 1955-இல் முடிவு கூறினார். 1967-இல் நிக்கலஸ் ஷாக்கிள்டன் அடித்தரையில் வாழ்ந்த இனங்களைச் சோதித்தபோது, அவற்றிலும் ஏறத்தாழ அதே அளவு மாற்றம் தென்பட்டது. ஆழ்நீரோ இன்றே உறைநிலைக்குச் சில பாகைகளே மேலுள்ளது. அது மேலும் 6 பாகை குளிர்வதற்கு இடமில்லை. எனவே மாற்றத்தின் பெரும்பகுதி வெப்பநிலையால் நேர்ந்ததன்று; இலேசான ஆக்ஸிஜனைக் கொண்ட நீர் நிலத்தின்மேல் பனிப்பாளங்களாக அடைபட்டுக் கிடந்தமையால் கடல்நீர் முழுவதுமே கனமுற்றிருந்தது என்பது புலனாயிற்று. அக்காலத்துக் கடல்மட்டம் இன்றையதினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்னும் செய்தியோடு இது பொருந்துவதாகும்.

எமிலியானியின் அளவீடுகள் பிழையானவை அல்ல. அவற்றின் பொருளே திருத்தம் பெற்றது. இத்துறையில் இத்தகைய திருத்தம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது.

இனங்களின் தொகுதியைக் கொண்டு நீரோட்டத்தை அறிய முயன்றதும் அத்தகையதே. 1973-இல் ஸ்டிரீட்டரும் 1974-இல் ஷ்னிட்கரும் வட அட்லாண்டிக்கின் அடித்தரை இனங்கள் பனியுகத்திற்கும் இடைக்காலத்திற்கும் இடையே இடம் மாறியிருப்பதைக் காட்டினர். ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு நீர்த்திரளுக்கு உரியது எனக் கொண்டு, நீரோட்டம் மாறியதை அவர்கள் உய்த்துணர்ந்தனர். பின்னர் வந்த ஆய்வுகள், இவ்வுயிர்கள் எங்குத் தழைக்கும் என்பதை மேலிருந்து விழும் உணவின் அளவும் பெரிதும் நிர்ணயிக்கின்றது எனக் காட்டின. யூவிஜெரினா பெரிகிரினா என்னும் இனம் ஓரிடத்தில் பெருகியிருந்தால், ஆங்குள்ள நீர் பழையது என்று மட்டும் கொள்ளவியலாது. உணவு மிகுதியாக விழுந்தது என்றும் கொள்ளலாம்.

கார்பனும் காட்மியமும்

ஓட்டின் கார்பன் ஐசோடோப்புகள் நீரோட்டத்தை மேலும் நெருங்கிக் காட்டுபவை. மேற்பரப்பிலுள்ள நுண்தாவரங்கள் இலேசான கார்பனையே விரும்பி ஏற்கின்றன. அவை மடிந்து ஆழத்தில் அழுகும்போது அக்கார்பன் நீரில் சேர்கின்றது. எனவே நெடுங்காலம் ஆழத்தில் தங்கிய நீரில் இலேசான கார்பன் மிகுந்திருக்கும். காட்மியம் என்னும் உலோகமோ கடலில் பாஸ்பேட்டைப் பின்பற்றிச் செல்வது. ஓட்டில் கால்சியத்திற்கு மாற்றாக அது சிறிதளவு இடம்பெறுகின்றது. பாயில், கீக்வின் ஆகிய இருவரும் 1980-களில் இவ்விரு சான்றுகளையும் ஒருங்கே நோக்கி, பனியுக வட அட்லாண்டிக்கில் ஊட்டப்பொருள் குறைந்த நீர் மேலடுக்குகளிலும், ஊட்டப்பொருள் மிகுந்த நீர் ஆழத்திலும் இருந்ததைக் கண்டனர். பிற ஆராய்ச்சியாளரின் அளவீடுகளும் சேர்ந்து, இவ்விரண்டிற்கும் எல்லை சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் அமைந்திருந்தது என்னும் சித்திரத்தை அளித்தன. வடக்கினின்று அமிழ்ந்த நீர் அற்றுப்போகவில்லை. ஆழம் குறைந்த மட்டத்தில் ஓடியது. அதன் கீழே தெற்கத்திய நீர் இன்றினும் மிகுதியாகப் பரவியது.

ஓட்டம் உண்மையிலேயே நின்றதற்கு அண்மையான நிலை ஒன்றும் உண்டு. அது பனியுக உச்சத்தில் நேர்ந்ததன்று; அதன் பின்னர், பனிப்பாளங்கள் உருகத் தொடங்கிய காலத்தில் நேர்ந்தது. வண்டலிலுள்ள புரோடாக்டினியம், தோரியம் ஆகிய தனிமங்களின் விகிதத்தைக் கொண்டு 2004-இல் வெளியான ஆய்வொன்று, சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக்கின் ஆழ்நீரோட்டம் பெரிதும் அடங்கியிருந்தது என்று கூறுகின்றது. இவ்விரு காலங்களையும் ஒன்றாகக் கலந்துரைப்பதே நாம் முதலிற் குறித்த பொதுக்கூற்றின் குறை.

கார்பன் சாட்சியத்திற்கும் இடர்ப்பாடுகள் உண்டு. யூவிஜெரினா சேற்றினுள் புதைந்து வாழ்வது. ஆதலின் அதன் ஓடு சேற்றிடை நீரின் இயல்பையே காட்டும். சிபிசிடாய்டிஸ் வுல்லர்ஸ்டார்பி தரையின்மேல் வாழ்வது. அதன் ஓடே அடிநீரை நன்கு காட்டுகின்றது. அதுவும், பருவந்தோறும் உணவு மிகுதியாக வந்து விழும் இடங்களில், நீரிலுள்ளதினும் இலேசான கார்பனைக் காட்டுவதுண்டு. பனியுகத்தில் நிலத்துக் காடுகள் சுருங்கியமையால் மாகடல் முழுவதிலுமே இலேசான கார்பன் சற்று மிகுந்திருந்தது. அதனையும் கழித்தே கணக்கிடல் வேண்டும்.

இந்துமாகடலின் பங்கு

இந்நிலையில் நம் நாட்டுக் கப்பலொன்று ஆற்றிய தொண்டு குறிப்பிடத்தக்கது. 1988-இல் வெளியான ஆய்வொன்று, பனியுக இந்துமாகடலிலும் சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் இடைநீரையும் ஆழ்நீரையும் பிரிக்கும் எல்லை இருந்தது என முன்னரே காட்டியிருந்தது. பின்னர் சாகர் கன்யா கப்பல், கன்னியாகுமரிக்குத் தெற்கே, பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கில், சுமார் 3,800 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு வண்டல் உருளையை எடுத்தது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளரும் இணைந்து அதனை ஆராய்ந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

அவர்கள் அடித்தரை ஓடுகளின் கார்பனோடு நியோடிமியம் என்னும் தனிமத்தின் ஐசோடோப்புகளையும் அளந்தனர். நியோடிமியம் நிலத்துப் பாறைகளினின்று கடலை அடைவது. அதன் விகிதம் மாகடலுக்கு மாகடல் வேறுபடும். கார்பனைப் போல உயிர்களின் உணவாலும் அழுகலாலும் அது மாறுவதில்லை. வெப்பமான இடைக்காலங்களில் வட அட்லாண்டிக் நீரின் பங்கு இந்துமாகடலில் மிகுந்தும், பனியுகங்களில் குறைந்தும் இருந்ததை அது காட்டிற்று. ஒரே உருளையில் இரு சாட்சிகளையும் ஒப்பிட்டமையால், கார்பனில் கண்ட மாற்றத்துள் நீரோட்டத்தால் நேர்ந்தது எது, பிற காரணங்களால் நேர்ந்தது எது என்று பிரித்தறிய வழி பிறந்தது. ஒற்றைச் சாட்சியைக் கொண்டு தீர்ப்புரைத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

களப்பணியாளருக்கு

மேற்கூறிய திருத்தங்களெல்லாம் எவ்வாறு இயன்றன? சேறு பாதுகாக்கப்பட்டிருந்தமையால் இயன்றன என்பதே எமது கருத்து. பனியுகங்கள் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு தொடர்புடையவை என்பதை ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் ஆகியோர் 1976-இல் நிலைநாட்டியது தென் இந்துமாகடலின் இரண்டு உருளைகளைக் கொண்டேயாகும். அவை அவ்வாய்வுக்கெனத் தனியே எடுக்கப்பட்டவை அல்ல. முன்னரே எடுத்துக் கிடங்குகளில் சேமித்திருந்தவற்றுள் தேடிக் கண்டெடுக்கப்பட்டவை. அவற்றை எடுத்த மாலுமிக்கும் பெயர்ச்சீட்டு எழுதிய உதவியாளருக்கும் இப்பயன் தெரிந்திராது. எனினும் அச்சீட்டு இல்லையேல் அவ்வாய்வும் இல்லை.

ஆதலின் உருளை எடுக்கப்பெற்ற இடம், நீரின் ஆழம், நாள், மேல்முனை எது கீழ்முனை எது என்பன அன்றே, அழியாத மையினால் எழுதப்பெறல் வேண்டும். குழாய் இறங்கும்போது மேற்சேறு சிதைந்ததாயின் அதனை மறையாது குறித்தல் வேண்டும். மறைத்த குறை பிற்காலத்தார் முடிவைப் பிழைபடுத்தும். உருளையை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்கும் மறு பாதியைச் சேமிப்புக்கும் வைக்கும் வழக்கத்தை ஒருபோதும் கைவிடலாகாது. சேறு உலர்ந்து காற்றுப்பட்டால் அதிலுள்ள இரும்புச் சல்பைடு அமிலமாக மாறிச் சுண்ணாம்பு ஓடுகளைக் கரைத்துவிடும். குளிரறையின் மின்செலவு வீண்செலவன்று. ஓடுகளைப் பொறுக்கும்போது இனங்களைக் கலவாமல் பிரித்தல் இன்றியமையாதது. தரைமேல் வாழ்வதையும் சேற்றினுள் வாழ்வதையும் ஒரே கிண்ணத்தில் இட்டுவிட்டால், எத்துணை நுட்பமான கருவியும் அப்பிழையைத் திருத்தவியலாது.

ஆசிரியருக்கு

பாடப்பொருளை முடிவாக மட்டும் கூறாது, அம்முடிவு பெறப்பட்ட வழியையும் சேர்த்துக் கூறுதல் நன்று. யூரே, எமிலியானி, ஷாக்கிள்டன் ஆகிய மூவரின் வரலாற்றை ஒரு வகுப்பு நேரத்தில் கூறிவிடலாம். அளவீடு வேறு, அதன் பொருள் வேறு என்பதை உயர்நிலைப்பள்ளி மாணவரும் அதனால் உணர்வர். பவளப்பாறைகளை அடுத்த கரைகளின் மணலில் போராமினிபெரா ஓடுகளைச் சாதாரணக் கைவில்லையாலேயே காணலாம். ஓர் ஓட்டின்மேல் ஒரு துளிக் காடியை இட்டால் குமிழிகள் எழும். அதனுள் அடைபட்டிருந்த கார்பன் வெளிப்படுவதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

இவ்வளவு முயற்சி எதற்கு, மிதவைக் கருவிகளும் கணிப்பொறிகளும் போதாவோ என்று வினவுவார் உளர். அட்லாண்டிக்கின் குறுக்கே இவ்வோட்டத்தை இடைவிடாது அளக்கும் கருவித்தொடர் 2004-இல்தான் நிறுவப்பட்டது. நூற்றாண்டுகளில் மாறும் ஓட்டத்தை அறிய அவ்வளவு காலம் போதாது. புவி வெப்பமுறுவதனால் அவ்வோட்டம் இந்நூற்றாண்டில் தளரும் என்று கணிப்பொறி மாதிரிகள் கூறுகின்றன. எத்துணைத் தளரும் என்பதில் அவை வேறுபடுகின்றன. அம்மாதிரிகளை உரைத்துப் பார்ப்பதற்குரிய கட்டளைக்கல் கடந்த காலமே. பனியுகத்தில் வளிமண்டலத்தின் கரியமில வாயு பத்து லட்சத்திற்கு சுமார் 190 பங்காகக் குறைந்திருந்ததற்கும், அக்கார்பனை ஆழ்கடல் தன்னுள் அடைத்து வைத்திருந்தது ஒரு பெருங்காரணம் எனக் கருதப்படுகின்றது. ஆழ்நீர் தான் அடைத்து வைத்ததை எப்போது, எவ்வழியாக வெளியிட்டது என்பது வருங்காலத்தார்க்கும் வேண்டிய செய்தி.

அச்செய்தியின் மூலப்பத்திரங்கள் நம் கிடங்குகளிலும் குளிரறைகளிலும் சேறாக வைக்கப்பட்டிருக்கின்றன. நாளை பிறக்கும் புதிய முறை எதுவாயினும் அது இன்றைய சேற்றையே நாடி வரும். அதனைப் பழுதின்றி ஒப்படைப்பது களப்பணியாளர் கடன். அதனை முறையாக வினவக் கற்றுக்கொடுப்பது ஆசிரியர் கடன்.