நடைபாதையிலும் ஒரு பேரேடு



கடை வாசலில் குடித்தனம் நடத்துவோரை அப்புறப்படுத்தக் கோரி மனு கொடுக்கலாம் என்று நம் சங்கக் கூட்டங்களில் அவ்வப்போது பேச்சு எழுகிறது. ஷட்டரைத் திறக்க ஆளை எழுப்ப வேண்டியிருக்கிறது, சரக்கு இறக்க இடமில்லை என்பதெல்லாம் உண்மைதான். நாமும் அப்படிப்பட்ட மனுக்களில் கையெழுத்துப் போட்டவரே. ஆனால் மும்பை பைகுல்லா நடைபாதைவாசிகளைப் பற்றி அறிந்தபின் கை சற்றுத் தயங்குகிறது.

1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமையும் வாழும் உரிமையில் அடக்கம் என்று சொன்னது. சொல்லியும், மழைக்காலம் கழிந்தபின் குடிசைகளை அகற்றலாம் என்றே தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அங்குள்ள பெண்கள் 'மகிளா மிலன்' என்று கூடினார்கள். துணை நின்றவர்களில் ஒருவர் கோலார் தங்கவயலில் பிறந்த நம் தமிழர் ஜோக்கின் அற்புதம். 2000-ல் மகசேசே விருது பெற்ற இவர் 2018-ல் காலமானார்.

அப்பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வசூலுக்கு ஒரு பெண் குடிசை குடிசையாகப் போவாள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் போடும் வண்ணக் காகிதத்தில் நிறத்துக்கு ஒரு தொகை. பேரேடு அவ்வளவுதான்! சிட்டையில் எழுதி வைத்தும் நிலுவையைத் தேடுகிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பணத்திலிருந்தே கடன். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதும் அவர்களே. யார் திருப்பித் தருவார் என்று அக்கம்பக்கத்தாரைவிட யாருக்குத் தெரியும்? சொத்து ஜாமீன் கிடையாது, முகம்தான் ஜாமீன். மண்டியில் நாம் கடனுக்கு மூட்டை ஏற்றி விடுவதும் அப்படித்தானே.

மாநகராட்சி ஆட்கள் இடிக்க வந்தால் முன்பெல்லாம் கூச்சலும் ஓட்டமும்தான், பாத்திரம் பண்டம் பறிபோகும். பிறகு பெண்களே முன்வந்து பேசி, குடிசைகளைத் தாங்களே பிரித்து வைத்தார்கள். வந்தவர்களுக்கும் வேலை முடிந்தது, சாமானும் தப்பியது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மாற்று வீட்டுக்காக அவர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். நடைபாதை நடப்பதற்கே என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. நாம் கேட்பது சிறிய காரியம். அடுத்த மனுவுக்கு முன், நம் வாசலில் இருப்போரில் எல்லோரும் பேச்சுக் கேட்கும் மூத்த பெண்மணி யார் என்று விசாரிப்போம். லாரி வரும் நேரம், ஷட்டர் திறக்கும் நேரம், குப்பை போடும் இடம் இவற்றை அவரோடு உட்கார்ந்து பேசுவோம். இதற்குச் செயற்குழு இருவரை நியமிக்கட்டும். அதில் ஒருவராக நம் பெயரையே எழுதிக்கொள்ளலாம்.