கஞ்சாவும் பன்னிரண்டு மணி இருளும்

திருக்கோவிலுக்குத் தென்மேற்கே சியம்பலாண்டுவை, மொனராகலைப் பக்கத்துக் காடுகளில் கஞ்சாச் சேனைகள் அழிக்கப்பட்ட செய்திகளை எத்தனையோ முறை பத்திரிகைக்காகத் திருத்தி எழுதியிருக்கிறேன். எத்தனை செடி, எத்தனை ஏக்கர், எத்தனை பேர் கைது என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்தச் செடி எப்படி வளர்கிறது என்பதில் யாருக்கும் அக்கறை இருந்ததில்லை.

இனி அக்கறை கொண்டாக வேண்டும். 2025 ஆகஸ்டில், மீரிகமவில் 64 ஏக்கரில் ஏற்றுமதிக்கு மட்டும் மருத்துவக் கஞ்சா பயிரிட, ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு முதலீட்டுச் சபை அனுமதி வழங்கியதாக அறிவிக்கப்பட்டது.

கஞ்சா, இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. 1912 அளவில் பிரான்சில் தூர்னுவா என்ற ஆய்வாளர் இதைக் கஞ்சா இனச் செடியிலேயே கவனித்தார். 1914இல் போரில் மாண்டார். 1920இல் அமெரிக்காவின் கார்னரும் அலார்டும் புகையிலையில் அதை நிறுவிப் புகழ் பெற்றார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் இடையறாத இருள் கிடைத்தால் செடி பூக்கத் தொடங்கும். நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கு எரிந்தாலும் அந்தக் கணக்குக் குழம்பும்.

குளிர்நாடுகளில் கோடைப் பகல் நீண்டது. செடி வளர்ந்து தழைத்த பிறகே இரவு நீளும். நமக்கோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் 50 நிமிடம்தான். அங்குள்ள இனங்களை இங்கே நட்டால், முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். அதைத் தடுக்க இரவில் விளக்கேற்றிப் பகலை நீட்ட வேண்டும். 2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டில் கிடந்த நாட்டில் இது ஒரு வேடிக்கைதான்.

இந்த அறிவு நமக்குப் புதிதும் அன்று. நம் பாட்டன்மார் விதைத்த மாவீ நெல்லினங்களும் அந்தச் சிறு வேறுபாட்டை உணர்ந்து, பகல் குறுகும் காலத்திலேயே கதிர்விட்டவை. பெரும்போகக் கணக்கே அதை ஒட்டியதுதான். நமது சூழலில் வாழ்ந்து பழகிய கஞ்சா இனங்களும் நம் இரவுக்கு இசைந்தவையாகவே இருக்கும். அவற்றைப் பிடுங்கித் தீயிடுவதோடு நமது ஆராய்ச்சி நின்றுவிட்டது.

மதன மோதகம் போன்ற மருந்துகளுக்குக் கஞ்சா வேண்டும். அதற்காக உள்நாட்டு வைத்தியர்களுக்குக் கிடைத்துவந்தது, நீதிமன்றங்களில் வழக்குப் பொருளாகக் கிடந்த சரக்கு. அது நான்கைந்து ஆண்டு பழையதாகி வீரியம் இழந்துவிடுகிறது என்று சுகாதார அமைச்சராக இருந்தபோது ராஜித சேனாரத்னவே கூறினார். இங்கிரியவில் நூறு ஏக்கரில் பயிரிடும் யோசனையும் அப்போது பேசப்பட்டது. அறுவடைக்குப் பிறகு கஞ்சாவின் மருந்துச் சத்தைக் கெடுப்பதில் ஒளிக்கே முதலிடம். காற்றும் வெப்பமும் அதற்குத் துணை. வளரும்போது இருளைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டிய பொருளை, அறுத்த பின்னும் இருளில்தான் காக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கிடக்கும் மூட்டைக்கு அந்தக் கவனிப்பு ஏது?

ஏற்றுமதியை நான் எதிர்க்கவில்லை. வெளிநாட்டவருக்கு விளக்கும் கூடாரமும், நமது வைத்தியருக்கு வெளிறிய மூட்டையும் என்ற ஏற்பாட்டையே எதிர்க்கிறேன். ஆயுர்வேதத் திணைக்களத்தின் கண்காணிப்பில், உள்நாட்டு இனங்களைக் கொண்டு, நமது வெயிலிலேயே வளரும் ஒரு சிறு தோட்டம் போதும். விளக்குச் செலவுகூட அதிகம் ஆகாது. அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் அம்பாறை மாவட்ட உறுப்பினர் ஒருவராவது இதைக் கேட்கிறாரா, பார்ப்போம்.