மாடப்புறா

நகரங்களில் மக்களோடு மக்களாய் வாழும் பறவை மாடப்புறா. கோபுரங்களிலும் புகைவண்டி நிலையங்களிலும் அதனைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். எச்சத்தால் கட்டடங்களைக் கெடுக்கும் பறவை என்று அதனை வெறுப்பார் சிலர். புண்ணியம் கருதி மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவார் சிலர். இவ்விரு திறத்தாரும் அப்பறவையைச் சரிவர அறிந்தவர் அல்லர்.

மாடப்புறாவின் முன்னோர் கடலோரப் பாறை இடுக்குகளில் வாழ்ந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே மனிதன் அவற்றைப் பிடித்துப் பழக்கினான். அவற்றின் இறைச்சி உணவாயிற்று. எச்சம் வயலுக்கு எருவாயிற்று. வளர்ப்பிடங்களினின்று தப்பிய புறாக்களின் வழித்தோன்றல்களே இன்று நகரங்களில் வாழ்கின்றன. பாறையிற் பழகிய இனத்திற்கு உயர்ந்த மாடமும் ஒரு பாறையே அன்றோ?

தொலைவில் விட்டாலும் தன் கூட்டிற்கு மீளும் ஆற்றல் புறாவிற்கு உண்டு. 1870-இல் பிரஷியப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டது. அப்பொழுது பலூன்களில் வெளியே அனுப்பப்பட்ட புறாக்கள், நுண்ணிய படச்சுருளில் அடங்கிய செய்திகளைச் சுமந்து நகருக்கு மீண்டன.

புறா தன் குஞ்சுகளைப் பேணும் முறையும் வியப்பிற்குரியது. அதன் தீனிப்பையில் பால்போன்ற உணவொன்று சுரக்கிறது. தாய் மட்டுமன்றித் தந்தையும் அதனைச் சுரந்து ஊட்டுகிறது. ஆதலின், இரை மிகுந்த இடத்தில் புறா ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கிறது. இனம் பெருகி நெருக்கம் மிகும்போது நோய் பரவிக் குஞ்சுகள் மடிகின்றன. அளவின்றி இரை கொட்டுவார் செய்யும் அறம் இவ்வாறு தீமையாய் முடிகிறது.

வெறுப்பும் பயன் தருவதில்லை. சுவிட்சர்லாந்திலுள்ள பாசல் நகரில் 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ 1,00,000 புறாக்கள் கொல்லப்பட்டன. எனினும் தொகை குறையவில்லை. இரை குறையாமையால், இறந்தவற்றின் இடத்தை இளம்புறாக்கள் நிரப்பின. 1988 முதல் அந்நகரத்தார் வேறு வழியை மேற்கொண்டனர். இரையிடுதலைக் கைவிடுமாறு மக்களுக்கு எடுத்துரைத்தனர். புறாக்கூடங்கள் அமைத்து, அவற்றில் இடப்பட்ட முட்டைகளை அகற்றினர். நான்கு ஆண்டுகளில் 20,000 புறாக்கள் ஏறத்தாழப் பாதியாயின.

புறா தானாக நகரத்தைத் தேடி வந்ததன்று. மனிதனே அதனைக் கொணர்ந்தான். பயன் கொண்ட காலத்தில் போற்றிப் பின்னர்ப் பகையென்று கொல்லுதல் நன்றியுடைமை ஆகாது. கொல்லும் கையும் வேண்டா. அளவின்றிக் கொட்டும் கையும் வேண்டா. அறிவோடு கூடிய அருளே அப்பறவைக்கும் நகரத்திற்கும் நலம் பயக்கும்.