கோலாக்கில் எந்த வெல்லம்?

ரமலான் பிறந்துவிட்டால் இந்தோனேசியத் தெருவோரங்களில் பிற்பகலிலேயே மேசைகள் முளைத்துவிடும். நோன்பு திறக்கும் நேரத்துச் சிற்றுண்டிக்கு இங்கே ‘தக்ஜில்’ என்று பெயர். காய்கறி மாவில் தோய்த்துப் பொரித்த பக்வான், முளைவிட்ட பாசிப்பயறு திணித்த தோஃபு, பிளாஸ்டிக் குவளைகளில் இளநீரும் செண்டோலும் என்று மேசை நிறைந்திருக்கும். ஆனாலும் ஜாவாவில் ரமலான் என்றால் முதலில் கோலாக்தான். வாழைப்பழத்தையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் துண்டு போட்டு, தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்து, ரம்பை இலையை முடிந்து போட்டு வேகவைப்பார்கள். ஒரு சின்னக் கிண்ணம் குடித்துவிட்டு மக்ரிப் தொழுவார்கள். சோறு பிறகுதான்.

நான் காயல்பட்டினத்துக்காரன். நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவன். துணி வியாபாரமாகப் பண்டுங்குக்கு வந்த புதிதில், 13 மணி நேரத்துக்கு மேல் காய்ந்த வயிற்றில் இனிப்பு இறங்குவது ஒட்டவே இல்லை. இப்போது கோலாக் இல்லாமல் நோன்பு திறந்த மாதிரியே இருப்பதில்லை. அதனால்தான் இந்த ஆதங்கம்: கோலாக்கில் விழும் வெல்லம் வர வர வெல்லமாக இல்லை.

அந்த வெல்லம் அரென் என்ற மலைப்பனையிலிருந்து வருவது. சுண்டா மக்கள் அதைக் கவுங் என்பார்கள். காருட் மலைப்பக்கம் ஒரு பெரியவர் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒற்றை மூங்கிலில் கால் வைக்கத் துளை போட்டதுதான் ஏணி. ஆண் பாளையின் காம்பை வாரக்கணக்கில் மரச்சுத்தியால் தட்டி, ஆட்டி, பக்குவம் வந்த பிறகே சீவ வேண்டும். சீவிய முனையில் லோடோங் என்னும் நீண்ட மூங்கில் குழாயைக் கட்டிவிடுகிறார். காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார். இறக்கிய பதநீரை உடனே அடுப்பேற்றாவிட்டால் புளித்துவிடும். பிறகு மணிக்கணக்கில் விறகுப் புகையில் உட்கார்ந்து கிண்ட வேண்டும். பாகு கறுத்துக் கெட்டியானதும் அச்சில் ஊற்றுகிறார்கள்.

கோலாக்கில் பளபளவென்று மிதக்கும் கோலாங்-காலிங்கும் இதே மரத்துப் பொருள். நம் ஊரில் பனைதான் நுங்கையும் கருப்பட்டியையும் தருகிறது. இங்கே ஒரே கிண்ணத்துக்குள் ஒரே மரம் இரண்டு வேடம் கட்டி நிற்கிறது. பெண் குலையின் இளங்காயில் மூன்று விதை இருக்கும். காயின் சாறு பட்டால் கை தாங்க முடியாமல் அரிக்கும். அதனால் சுட்டோ அவித்தோதான் விதையை எடுப்பார்கள். எடுத்ததைத் தட்டித் தட்டையாக்கி, நாள்கணக்கில் ஊறப்போட்ட பிறகே சந்தைக்கு வரும். ரமலானில் அதற்கு இருக்கும் கிராக்கி மற்ற மாதங்களில் இல்லை.

இத்தனை பாடு பட்டு வந்த வெல்லத்தின் பக்கத்திலேயே, கரும்புச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சிய கட்டி, அதே நிறத்தில், அதே அச்சில், மலிவாக விற்கிறது. தக்ஜில் விற்கும் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு குவளையைச் சில ஆயிரம் ரூபியாவுக்கு விற்பவர்களுக்கு நல்ல வெல்லம் கட்டுப்படியாகாது. ஆனால் ஏறுகிறவரின் விலையை அந்தக் கலப்படக் கட்டிதான் அடித்து வைக்கிறது. பெரியவரின் மகன் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்; போனதில் என்ன தப்பு? உடன்குடிக் கருப்பட்டியில் சீனி கலப்பதைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மரத்தின் கதியும் கவலைக்குரியதுதான். அரெனைப் பெரும்பாலும் யாரும் நடுவதில்லை. மரநாய் பழத்தைத் தின்று கொட்டையைக் காட்டில் போட்டுவிட்டுப் போனால் முளைக்கும். பூக்கவே பத்து ஆண்டுபோல ஆகும். மேலிருந்து கீழாகப் பாளை விட்டுக்கொண்டே வந்து, கடைசிப் பாளை தீர்ந்ததும் மரம் பட்டுப்போகும். காயை எல்லாம் இளசிலேயே கோலாங்-காலிங்குக்கு அறுத்துவிட்டால் மரநாய்க்கும் மிஞ்சாது, காட்டுக்கும் மிஞ்சாது.

2025 தொடக்கத்தில் வனத்துறை அமைச்சர் ராஜா ஜூலி அந்தோனி, எத்தனாலுக்காக மிகப் பெரிய பரப்பில் அரென் நடும் திட்டத்தை அறிவித்தார். நடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எரிபொருள் ஆலைக்கு வேண்டியது மொத்தமாக வரும் சாறு. பெரியவரின் கையும் கண்ணும் அதன் கணக்கில் வராது. அடுப்படியில் வெல்லம் காய்ச்சும் குடும்பங்களுக்கென்று அந்த நிலத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். கன்றும் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்து, 76 லட்சம் பனை விதைகள் வழங்கவும் முடிவு செய்தார்கள். மரத்தை மதிக்க ஒரு அரசாங்கம் நினைத்தால் முடியும்.

கிழக்கு ஜாவாவின் கிரெசிக் பக்கம் குமெனோ என்று ஒரு ஊர். ரமலான் 23-ஆம் இரவுக்கு அங்கே கோழியும் வெங்காயத்தாளும் சீரகமும் போட்டுக் கோலாக் காய்ச்சுகிறார்கள், அதுவும் ஆண்கள் மட்டும். பல நூற்றாண்டாக விடாமல் நடக்கிறது. ஒரு பண்டத்தை இப்படிக் கட்டிக்காக்கத் தெரிந்த மக்கள் அதன் வெல்லத்தைக் கைவிடக் கூடாது. பள்ளிவாசல்கள் ரமலானில் பெரிய அண்டாக்களில் கோலாக் காய்ச்சுகின்றன. அதற்கு வேண்டிய வெல்லத்தை மட்டுமாவது மலையில் ஏறுகிறவர்களிடமிருந்து நேராக, ரமலானுக்கு முன்பே விலை பேசி வாங்கட்டும். சந்தையில் விற்கும் கட்டியின் உறையில் ‘சர்க்கரை கலந்தது’, ‘கலக்காதது’ என்று எழுதியாக வேண்டும். ஏறியவர் எந்த ஊர் என்பதும் அதில் இருக்கட்டும்.