பட்டணத்தானுக்கு ஒரு மூளை, பாட்டாளிக்கு ஒரு மூளையா?

தோட்டத்திலே பாரிசவாயு வந்து ஒருவன் விழுந்தால் "விதி" என்கிறார்கள். பட்டணத்திலே அதே வியாதியில் விழுந்தவர்களில் சிலர் தடியூன்றாமல் வீடு திரும்புகிறார்களே, அவர்களுக்கு விதி கிடையாதா?

சென்ற ஆண்டு நம் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். காலை 7 மணிக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்த சகோதரர் ஒருவர் நிரையிலேயே சாய்ந்தார். வாய் கோணிற்று, வலக்கை விழுந்தது, பேச்சுக் குழறிற்று. வண்டி கேட்டோம். லோரி வேறு வேலையாகப் போயிருக்கிறது என்றார்கள். கிராணியாகிய நாமாவது என்ன செய்தோம்? துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டு, நிர்வாகியின் கையெழுத்துக்காக அரைமணி நேரம் காத்து நின்றோம்! அந்த வெட்கத்தை மறைக்க விரும்பவில்லை. ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 9½. அங்கே தலையைப் படமெடுக்கும் சிடி ஸ்கேன் இல்லை. மறுபடி ஆம்புலன்ஸ். பெரிய ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது 12½. "நேரம் கடந்துவிட்டது" என்றார் டாக்டர். இன்று அவர் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்; கத்தி பிடித்த கை மடியில் கிடக்கிறது.

எந்த நேரம் கடந்தது? இரத்தக்குழாய் அடைத்து வரும் பாரிசவாயுவுக்கு, அடைப்பைக் கரைக்கும் ஊசி உண்டு, அல்டெப்ளேஸ் என்பார்கள். நோய் கண்ட 4½ மணிக்குள் போட வேண்டும். குழாய் வெடித்து இரத்தம் கசிந்திருந்தாலோ அதே ஊசி ஆளைக் கொல்லும். ஆகவே முதலில் ஸ்கேன். அது இல்லாவிட்டால் எத்தனை கெட்டிக்கார டாக்டரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் சாகின்றன என்று 2006-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். பாலில் எத்தனை வீதம் ரப்பர் என்று புள்ளி தவறாமல் பார்க்கும் நிர்வாகம் இந்தக் கணக்கை ஏன் பார்ப்பதில்லை? கோலாலம்பூரிலே குழாய்க்குள் கம்பி செலுத்தி அடைப்பையே இழுத்தெடுக்கிறார்கள். தகுந்த நோயாளிக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாமாம்.

"உப்பைக் குறை, இரத்த அழுத்தத்தைப் பார்" என்று நமக்குப் போதிக்கிறார்கள். சரி, பார்ப்போம். தைலம் தேய்த்தும் மந்திரித்தும் பொழுதைக் கொல்லும் நம்மவரையும் கண்டிக்கிறோம். (விழுந்தவர் வாயில் கோப்பி ஊற்றாதீர்கள், புரையேறும்.) ஆனால் பழியையெல்லாம் உப்பின்மேல் போட்டுவிட்டு, அவசரத்துக்கு ஒரு வண்டியும் வைக்காதிருப்பது எந்த ஊர் நியாயம்?

பெரட்டு முதல் பால் நிறுத்து முடியும்வரை ஒரு வண்டி தயாராக நிற்க வேண்டும். சீட்டும் கையெழுத்தும் பிறகு. 999-ஐ அழைத்ததும், ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரி எது என்று கேளுங்கள். விழுந்த நேரத்தை எழுதி அனுப்புங்கள். ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதும் மனுவும், நிர்வாகத்துக்கான வண்டிக் கோரிக்கையும் நம்மிடம் இருக்கின்றன. சம்பளத்தன்று கையெழுத்திட வாருங்கள்.