லாபம் ஏட்டில், பணம் எங்கே?

சிறுதொழில் செய்வோரிடம் "இவ்வாண்டு லாபமா, நட்டமா?" என்று கேட்டால் உடனே விடை வருகிறது. "அடுத்த மாதம் பத்தாந்தேதி கையில் எவ்வளவு பணம் இருக்கும்?" என்று கேட்டால் விடை வருவதில்லை. சங்கங்களின் பேரேடுகளைப் பார்வையிடும் பணியில் நாம் கண்ட உண்மை ஒன்று உண்டு. நட்டத்தினால் நொடித்த தொழில்கள் சில; வரவேண்டிய பணம் வருமுன்னே கொடுக்கவேண்டிய நாள் வந்துவிட்டமையால் நொடித்தவையும் சில. ஒரு நெசவாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை லாபம் காட்டியது. அதே வாரத்தில் நெசவாளர்களுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி நின்றது. லாபம் பொய்யன்று. அது கிடங்கில் சேலையாகவும் வெளியூர்க் கடைகளில் பற்றாகவும் இருந்தது. ஆனால் கிடங்கிலுள்ள சேலை உலையில் கொதிக்காது.

இது எவ்வாறு நேர்கிறது என்பதை ஒரு கணக்கினால் காண்போம். சின்னாளபட்டியில் நான்கு தறி வைத்திருக்கும் ஒருவர், நூல், சாயம், கூலி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 2,000 ரூபாய் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூல் வாங்கிப் பாவு ஆயத்தமாவதற்கு 10 நாள். தறியில் 20 நாள். மடித்து வைத்த சரக்கு கடைக்குப் போகும் வரை 10 நாள். கடைக்காரர் பணம் தருவதற்கு 60 நாள். ஆக, இன்று போட்ட ரூபாய் திரும்பி வர 100 நாளாகிறது. அதுவரை ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய் வெளியே கிடக்கிறது. கிடங்கில் 5 நாளும் கடைக்காரரின் தவணையில் 15 நாளும் குறைப்பாராயின், 40,000 ரூபாய் அவர் கைக்கு வந்துவிடும். அதற்கு வட்டியில்லை, ஜாமீனில்லை, மனுவுமில்லை.

இதே கணக்கு வேறோர் எச்சரிக்கையும் தருகிறது. நல்ல விற்பனையைக் கண்டு நான்கு தறியை எட்டாக்கினால், வெளியே கிடக்கும் பணமும் 4 லட்சமாகும். தவணையைத் திருத்தாமல் தொழிலைப் பெருக்கினால், விற்பனையோடு பணத் தட்டுப்பாடும் பெருகும்.

விவசாயிகளுக்கு இப்பாடம் புதிதன்று. வத்தலக்குண்டுக்கு மேலே கீழ்ப்பழனி மலையில் காப்பிக்கு நிழலாக மலைவாழையும், நிழல் மரங்களில் மிளகுக்கொடியும் வளர்த்தனர் நம் முன்னோர். காப்பிப் பணம் ஆண்டுக்கொருமுறை வரும். மிளகுப் பணம் அதையடுத்து வரும். வாழைத்தார் இடையிடையே செலவுக்கு உதவும். மண்ணுக்கேற்ற இந்த ஏற்பாடு பணத்துக்கும் ஏற்றதாயிருந்தது. முடிக்கொத்து நோய் மலைவாழையைத் தாக்கியபோது, பல வீடுகளில் பயிரோடு மாதாந்திர வரவும் போயிற்று.

காப்பியின் வரலாறும் இதையே கூறும். 1942 ஆம் ஆண்டுச் சட்டப்படி விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் ஏற்றுமதி குலைந்தபோது விலை வீழாமல் காத்தது அந்த ஏற்பாடு. ஆனால் சரக்கைக் கொடுத்த அன்று ஒரு பகுதிப் பணமே கிடைத்தது. மீதி, வாரியம் விற்க விற்கத் தவணை தவணையாக வந்தது. சிறு தோட்டக்காரர் அதுவரை கைமாற்று வாங்கிக் காலங்கழித்தார். 1996 இல் அந்த முறை முற்றிலும் நீங்கிற்று. இன்று பட்டிவீரன்பட்டியில் சரக்கைக் கொடுத்துக் கையோடு பணம் பெறலாம். ஆனால் கூலி கொடுக்கப் பணமில்லாதவர் அறுவடைக் காலத்தில் கேட்ட விலைக்கே விற்கிறார். மூன்று மாதம் தாங்கக்கூடியவர் விலையைப் பார்த்து விற்கிறார். கையிருப்பு உள்ளவனுக்கே சந்தையில் பேரம் உண்டு.

"அப்படியானால் கடன் வாங்கலாமே" என்பர். கடனுக்கும் இடமுண்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம்; விலை ஏறும்வரை பொறுக்க அது உதவும். ஆனால் கடைக்காரர் தராத பாக்கிக்காக நாம் வட்டி கட்டுவது, அவர் கடனை நாம் சுமப்பதாகும். ஓட்டைக் குடத்தில் மேலும் நீர் வார்ப்பது பரிகாரமாகாது.

பாக்கியைக் கேட்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, பாக்கி வசூலுக்குத் தரும் பாதுகாப்பு குறு, சிறு தொழில்களுக்குரியது. எழுத்து உடன்பாடு இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையேல் 15 நாளுக்குள், சரக்கை ஏற்றவர் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. இத்தகைய தொழில்களின் சரக்கை விற்கும் கூட்டுறவுச் சங்கமும் இப்பாதுகாப்பில் அடங்கும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமானவரித் திருத்தப்படி, கெடு தவறிய தொகையை வாங்கியவர் உண்மையில் செலுத்தும்வரை தம் செலவாகக் கழிக்க இயலாது. உத்யம் பதிவும், தேதியிட்ட பட்டியலும், சரக்குப் பெற்றதற்கான கையொப்பமும் இருந்தால்தான் இவை பயன்படும். துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கு எந்த மன்றத்திலும் நில்லாது.

"கண்டிப்பாகக் கேட்டால் கடைக்காரர் வேறிடம் போய்விடுவார்" என்ற அச்சத்தை நாம் அறிவோம். தனி நெசவாளிக்கு அந்த அச்சம் நியாயமானதே. அதனாலன்றோ சங்கம் தோன்றியது? ஒருவர் கேட்டால் தொல்லை. ஓரூர்த் தறியெல்லாம் ஒரே தவணையைக் கேட்டால் அது வழக்கமாகிவிடும்.

ஆகவே நமது கருத்து இது. ஒவ்வொரு சங்கமும் மாதக் கூட்டத்தில் லாபக் கணக்குக்கு முன் வேறொரு தாளை வைக்கவேண்டும். வரும் 12 வாரங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு வாரமும் வரக்கூடிய பணத்தை இடப்புறமும் கொடுக்கவேண்டிய பணத்தை வலப்புறமும் குறிக்கவேண்டும். வாக்குறுதியை வரவாக எழுதலாகாது. பாக்கிக்காரர் வழக்கமாகத் தரும் நாளையே எழுதவேண்டும். தீபாவளிச் சரக்குக்கு நூல் வாங்கும் மாதமும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டண மாதமும் அதில் இடம்பெற வேண்டும். எந்த வாரம் குறைவு விழும் என்று எட்டு வாரம் முன்னே தெரிந்தால், சரக்கை விற்கவோ பாக்கியைக் கேட்கவோ காலமிருக்கும். அன்று காலையில் தெரிந்தால் கந்துவட்டிக்காரர் வீடே கதி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கடைக்காரரிடம் நாளைக் காட்டிப் பணம் கேட்கும் சங்கம், தன் நெசவாளிக்கும் விவசாயிக்கும் அந்த நாளில் பணம் கொடுக்கிறதா? உறுப்பினரின் கூலியைப் பிடித்து வைத்துக் கையிருப்புக் காட்டுவது நிர்வாகத் திறமையாகாது. சங்கத்தின் நாணயம் முதலில் சங்கத்தின் வாசலிலேயே விளங்கவேண்டும். அடுத்த கூட்டத்திலேயே அந்தத் தாளை விரிக்குமாறும், அதன் வலப்புறத்தில் முதல் வரியாக உறுப்பினர் கூலியை எழுதுமாறும் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.